மழை பொய்த்தால் தேயிலை மணக்கிறது, வெள்ளரி கசக்கிறது: காரணம் ஒன்றுதானா?

லுணுகலைக்காரி | வெள்ளி, இரவு 8.40

வணக்கம். இத்தனை நாளும் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுவே முதல் தடவை.

எங்கள் வீடு ஊவா மலைநாட்டில் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மா கொழுந்து எடுக்கிறார். ஐந்து வாரமாக மழை இல்லை. கச்சான் காற்று இரவு பகலாக அடிக்கிறது, தகரக் கூரைமேல் கல் ஏற்றி வைத்திருக்கிறோம். ஒரு நாள் சம்பளத்துக்கு 18 கிலோ நிறை கேட்கும் மலையிலிருந்து நேற்று அம்மா கொண்டுவந்தது 9 கிலோ. அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், போட்டார்கள். அதே மாலை தம்பியைத் தேடி ஸ்டோர் பக்கம், அதாவது தேயிலைத் தொழிற்சாலைப் பக்கம், போனேன். வாசலில் கால் வைப்பதற்குள் ஒரு வாசம் வந்து மூக்கில் ஏறியது. மழைக்காலத்தில் அந்த வழியால் நூறு தடவை போயிருக்கிறேன், இந்த வாசம் இருந்ததில்லை. உள்ளே எல்லோர் முகத்திலும் சிரிப்பு. கொழும்பு ஏலத்தில் நல்ல விலை போகுமாம்.

வீட்டுக்குப் பின்னால் நான்கு மிளகாய்ச் செடியும் ஒரு வெள்ளரிக் கொடியும் நிற்கின்றன. மிளகாய் சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. அதில் ஒன்றைச் சம்பலில் இடித்துப் போட்டால் தம்பி தண்ணீர்க் குடத்தைத் தேடி ஓடுகிறான். வெள்ளரியைக் காம்புப் பக்கம் வெட்டி நாக்கில் வைத்தேன், வேப்பெண்ணெய்தான்.

அம்மாவிடம் கேட்டேன். "தண்ணீர் கிடைக்காவிட்டால் செடிக்குக் கோபம் வரும். கோபத்தில் ஒன்று மணக்கும், ஒன்று உறைக்கும், ஒன்று கசக்கும்" என்றார். இது உண்மையா? மூன்றும் ஒரே காரணமா?

இரவு ஷிப்ட் | வெள்ளி, இரவு 10.15

பிள்ளை, உன் மூக்கு பொய் சொல்லவில்லை. ஊவாவில் மூன்று தொழிற்சாலைகளில் 31 வருடம் கொழுந்தைத் தூளாக்கும் டீமேக்கராக இருந்தவன் நான். இப்போது ஓய்வு. ஆனாலும் ஓகஸ்ட் வந்தால் இரவு ஒரு மணிக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போதே தன்னிடமுள்ள மழையை மஸ்கெலியா, நோர்வூட், ஹட்டன் பக்கம் கொட்டிவிடுகிறது. முகடு தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது வேகமும் வறட்சியும் மட்டும்தான் மிச்சம். அங்கே அவர்கள் குடை பிடிக்கும் நாளில் இங்கே நாங்கள் புழுதி துடைக்கிறோம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை இதுதான், இதைத்தான் ஊவா சீசன் என்கிறோம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை கதை மாறும், அப்போது மேற்குச் சரிவின் திம்புள்ளைப் பக்கத்தாருக்குச் சீசன்.

அந்த இரவுகளில் வாட்டும் தட்டில் ஒரு பிடி கொழுந்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்குவேன். கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், தண்டை மடித்தால் ஒடியக் கூடாது. மழைக்காலக் கொழுந்து அந்த நேரத்தில் வெட்டிய புல்லைப்போல மணக்கும். சீசன் கொழுந்தில் புல் வாசத்துக்கு அடியிலிருந்து இன்னொன்று எழும்பும். பூ என்றும் சொல்ல முடியாது, பழம் என்றும் சொல்ல முடியாது. பக்கத்து அறையில் யாரோ மூட்டுவலித் தைலப் போத்தலைத் திறந்ததுபோல் இருக்கும். அது வந்துவிட்டால் கொழுந்தை நன்றாக வாட்டி, புளிக்க விடும் நேரத்தைக் குறைத்துவிடுவேன். நிறத்துக்கு ஆசைப்பட்டு இன்னும் கொஞ்சம் விட்டால் கோப்பை கறுக்கும், வாசம் பறந்துவிடும். இதைத் தோட்டத்து மேலாளராக வந்த ஒரு புதுத் துரைக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு சீசன் பிடித்தது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். காற்று, தெளிந்த வானம், குளிர்ந்த இரவு, அடிமண்ணில் இன்னும் கொஞ்சம் ஈரம், இவை சேர்ந்தால்தான் சீசன். அந்த ஈரமும் போய் இலை உதிரத் தொடங்கினால் அதற்குப் பெயர் பஞ்சம். 1992இல் பார்த்தோம். முந்தைய வருடம் நாடு முழுவதும் ஏறத்தாழ 24 கோடி கிலோ தேயிலை. அந்த வருடம் 18 கோடியைக்கூட எட்டவில்லை. அப்போது வந்த கொழுந்து உருளையில் பிசுபிசுக்கவே இல்லை, கோப்பையில் வைக்கோல் ருசி.

உயிரியல் சேர் | சனி, காலை 6.05

என் மாணவர் யாராவது பரீட்சைத் தாளில் "செடிக்குக் கோபம்" என்று எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். ஆனால் நேற்று இரவு இந்த இழையை வாசித்துவிட்டுப் படுத்தபோது அந்த அம்மா அவ்வளவு தூரம் தவறவில்லை என்றே தோன்றியது.

வேருக்கு மண் காய்வது தெரிந்ததும் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் கூடுகிறது. அது இலைவாயை மூடுகிறது. தண்ணீர் வெளியே போவது குறைகிறது. ஆனால் காபனீரொட்சைட்டு உள்ளே வருவதும் அதே வாசலால்தான். வாசல் சாத்தியிருக்கிறது, கச்சான் வானத்து வெயிலோ குறையவில்லை. பிடித்த ஒளிச் சக்திக்குச் செலவு இல்லாமல் போகும்போது அது ஒட்சிசனின்மேல் ஏறி, கலத்தை அரிக்கும் தீய வடிவங்களை உண்டாக்குகிறது. அவற்றை அணைக்கச் செடி வைத்திருக்கும் பொருள்களில் பல்பீனோல்களும் உண்டு. தேயிலையில் அவை கட்டக்கின்கள். இளம் கொழுந்தின் உலர்நிறையில் காற்பங்கு அளவுக்குக்கூட அவை இருக்கும்.

இன்னொரு விஷயம், பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். தண்ணீர் குறையும்போது முதலில் நிற்பது வளர்ச்சி. இலை விரியக் கலத்துக்குள் நீர் அமுக்கம் வேண்டும், அது தளர்ந்ததுமே விரிவது நின்றுவிடும். ஒளித்தொகுப்பு அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லச் சோர்கிறது. இடைப்பட்ட நாட்களில் அடுப்பு எரிகிறது, சோறு வேகிறது, பந்தியில் ஆள் இல்லை. மிஞ்சிய சீனியில் ஒரு பங்கு இந்தத் தற்காப்புப் பொருள்களாக மாறுகிறது. இரவு ஷிப்ட் ஐயா சொல்லும் சீசன் இந்த இடைப்பட்ட நாட்கள்தான். அதைத் தாண்டினால் அடுப்பும் அணையும். பிறகு கட்டக்கின் செய்யவும் சரக்கு இல்லை. அவர் சொன்ன வைக்கோல் அங்கே தொடங்குகிறது.

தைல வாசத்துக்குப் பெயர் மெதைல் சலிசிலேட்டு. மூட்டுவலித் தைலத்தில் இருப்பதும் அதுதான், ஹோர்ட்டன் சமவெளியில் வளரும் வெல் கப்புரு இலையைக் கசக்கினால் மணப்பதும் அதுதான். செடிகள் ஆபத்துக் காலத்தில் பயன்படுத்தும் சலிசிலிக் அமிலத்தின் பிள்ளை அது. அதோடு லினலூல், ஜெரானியோல் என்ற பூ வாசப் பொருள்களும் சேர்ந்திருக்கும். உயிரோடு நிற்கும் இலையில் இவற்றில் பெரும்பகுதி சீனியோடு கட்டுண்டு கிடப்பதால் அப்போது வாசமே இல்லை. கொழுந்தை வாட்டி உருட்டும்போது கலம் கிழிந்து, நொதியம் வந்து அந்தச் சீனியை வெட்டிவிடுகிறது. அதனால்தான், பிள்ளை, மலையில் நிற்கும் உன் அம்மாவுக்குக் கிடைக்காத வாசம் ஸ்டோர் வாசலில் நின்ற உனக்குக் கிடைத்தது.

மிளகாயில் இதே நெருக்கடி கப்சைசினாக வருகிறது. அது ஊறுவது காய்க்குள் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில். எல்லா இனத்திலும் கூடுவதில்லை. ஏற்கெனவே கொடூரமாக உறைக்கும் இனங்களில் பெரிய மாற்றம் தெரியாது. வெள்ளரியில் வருவது குக்கர்பிட்டசின். காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும்தான் அது திரளும். நீ நாக்கில் வைத்த இடம் சரியாக அந்த இடம்.

ஆகவே காரணம் பாதி ஒன்று. ஊருக்குள் கள்ளன் வந்த சத்தம் எல்லா வீட்டிலும் கேட்கிறது, அவரவர் கையில் எடுக்கும் தடிதான் வேறு.

வெலிமடை மண் | சனி, காலை 9.30

சேர், உங்கள் தடிக் கதை நன்றாக இருக்கிறது. என் கரட்டை யார் வாங்குவது?

வாசம், விலை, ஏலம் என்று தேயிலைக்காரர்கள் மகிழ்கிறீர்கள். மரக்கறிக்காரனுக்கு வறட்சி ஒரு சதத்துக்கும் பிரயோசனம் இல்லை. போன போகம் பைப்புத் தண்ணீர் இரண்டு வாரம் வரவில்லை. பிறகு ஒரே நாளில் வந்தது. கரட் நடுவால் வெடித்தது. வெடிக்காததைக் கடித்தால் சோப்பு. வாங்க வந்தவர் ஒரு துண்டு கடித்துவிட்டுத் துப்பினார், விலை பேசாமலே லொறியில் ஏறிப் போய்விட்டார். உருளைக்கிழங்கோ கோலிக்குண்டு. தோலில் பச்சைத் திட்டு வேறு. இது எந்தத் தடி?

உயிரியல் சேர் | சனி, காலை 10.10

அண்ணா, கோபிக்காதீர்கள். கரட்டின் சோப்பு ருசி தேர்ப்பீன் என்ற எண்ணெய்ப் பொருள்களால் வருவது. கரட்டின் வழக்கமான மணமும் அவற்றால்தான். சீனி குறைந்து அவை மேலோங்கினால் நாக்கு சுளிக்கிறது. இன்னொரு கசப்பும் உண்டு, அது எதிலீன் வாயு பட்டால் வரும். பழுக்கும் வாழைக் குலையும் கரட் மூட்டையும் ஒரே லொறியில் போனால் நல்ல கரட்டும் கசந்துவிடும். அடுத்த தடவை ஏற்றும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

உருளைக்கிழங்கில் பச்சை என்பது வெளிச்சம் பட்ட அடையாளம். மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்குமே, அந்த வெடிப்பு வழியாகக் கிழங்குக்கு வெயில் போயிருக்கும். பச்சை நிறத்தால் தீங்கு இல்லை. அதே வெளிச்சத்தில் கூடவே ஏறும் சொலனைனும் சாக்கோனைனும்தான் நஞ்சு. வறட்சியும் வெப்பமும் அவற்றைத் தம் பங்குக்குக் கூட்டக்கூடும். ஒரு கிலோ கிழங்கில் 200 மில்லிகிராம் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளும் எல்லை. அவித்தாலும் பொரித்தாலும் அது அழியாது. தோலைத் தடிப்பாகச் சீவி, பச்சைப் பகுதியையும் முளையையும் வெட்டி எறியுங்கள், கசப்பது எதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். கிழங்கு நட்ட மேட்டில் வெடிப்பு விழுந்தால் மண் அணைத்துவிடுங்கள்.

வெலிமடை மண் | சனி, காலை 10.25

மண் அணைக்கவும் மண் ஈரமாக இருக்க வேண்டும் சேர். பாறையை எப்படி அணைப்பது? சரி, வாழைக்குலை விஷயம் புதிது. லொறிக்காரத் தம்பியிடம் சொல்கிறேன்.

கிழங்குப் பானை | சனி, பகல் 1.50

எல்லோரும் பெரிய பெரிய பெயர் சொல்கிறீர்கள். நான் மாத்தளைப் பக்கம். எங்கள் வளவில் மழை இல்லாத வருடம் மரவள்ளி மட்டும்தான் நிற்கும், அதைத்தான் தின்போம். என் மாமியார் மழை பெய்து இரண்டு வாரம் போகும்வரை சிறு பிள்ளைகளுக்குக் கிழங்கு கொடுக்க மாட்டார். "வெயில் குடித்த கிழங்கு தலையைச் சுற்றும்" என்பார். பானையை மூடி அவிக்கவும் விடமாட்டார். மரவள்ளியோடு இஞ்சி சேர்த்தால் நஞ்சு என்று அதற்கும் தடை. அந்த மனுசி பள்ளிக்கூட வாசல் மிதித்தவர் அல்ல. சேர், இதற்கும் உங்களிடம் பெயர் உண்டா?

உயிரியல் சேர் | சனி, பிற்பகல் 3.00

அக்கா, இந்த இழையில் உயிரோடு தொடர்புடைய கேள்வி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. தன்னளவில் அது அமைதியாகக் கிடக்கும். கிழங்கை வெட்டினாலோ இடித்தாலோ அருகில் வேறாக இருந்த நொதியம் அதைச் சந்திக்கிறது. அப்போது ஐதரசன் சயனைட்டு வெளியேறுகிறது. வறட்சியில் லினமரின் கூடும், இதில் சந்தேகம் இல்லை. 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் கடும் வறட்சி. மற்றப் பயிர் எல்லாம் கருகிக் கசப்பு மரவள்ளி மட்டும் மிஞ்சியது. பசியில் கிழங்கை ஊறவைத்துக் காயவைக்கப் பொறுமை இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால்கள் விறைத்து நடக்க முடியாமல் போனது. பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். உங்கள் மாமியார் கிழங்கைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைத்தாரே, அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

மூடாமல் அவிப்பதும் சரிதான். ஐதரசன் சயனைட்டு 26 பாகை செல்சியசிலேயே கொதிக்கும் பொருள், மூடி இல்லாவிட்டால் ஆவியோடு போய்விடும். ஆனால் இன்னொன்றும் கவனியுங்கள். கிழங்கைக் கொதிக்கும் நீரில் அப்படியே போட்டால் நொதியம் உடனே செத்துவிடும், லினமரின் உடையாமல் கிழங்கிலேயே தங்கிவிடும். தோலை முழுவதும் உரித்து, சிறு துண்டாக வெட்டி, கொஞ்ச நேரம் நீரில் ஊறவிட்டு, அந்த நீரைக் கொட்டி, புதிய குளிர்ந்த நீரில் வைத்து அவியுங்கள். நிறையத் தண்ணீர் வையுங்கள், வடித்துவிடுங்கள்.

இஞ்சி பற்றி: நஞ்சு கிழங்கில் இருக்கிறது, இஞ்சியில் இல்லை.

கிழங்குப் பானை | சனி, பிற்பகல் 3.20

குளிர்ந்த நீரில் தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது தம்பி. இத்தனை வருடம் கொதித்த பிறகுதான் போட்டேன். இஞ்சியை மட்டும் நான் சேர்க்க மாட்டேன், மாமியார் கனவில் வந்து கேட்பார்.

பேராதனைத் தம்பி | சனி, இரவு 7.45

நான் விவசாய பீடத்தில் படிக்கிறேன். வறட்சி கொடுத்த செடிகளின் இலையை அரைத்து அரைத்து என் கை நிரந்தரமாகப் பச்சையாகிவிட்டது. சேர் சொன்னதில் ஒரு கிளையைக் கொஞ்சம் முறிக்கலாமா?

"கூடுகிறது" என்று எல்லோரும் சொல்கிறோம். எதற்கு எதிராகக் கூடுகிறது? ஒரு கிராம் இலையில் கூடுவது ஒன்று. ஒரு செடி முழுவதும் சேர்த்துக் கூடுவது வேறொன்று. லுணுகலை அக்காவின் மிளகாயைப் பாருங்கள். காய் பாதியாகச் சுருங்கிவிட்டது. உள்ளே கப்சைசின் ஒரு துளிகூடக் கூடாமல் இருந்தாலும் நாக்குக்கு அது இரண்டு மடங்காகத்தான் தெரியும். குழம்பில் உப்பைக் கூட்ட உப்பே போட வேண்டியதில்லை, தண்ணீரைச் சுண்டவிட்டால் போதும். செடி புதிதாகச் செய்ததா, இருந்தது சுண்டியதா என்று பிரிக்காமல் எழுதும் ஆய்வுக் கட்டுரைகள் உண்டு. முதல் வருடத்தில் நானும் அப்படி ஓர் அட்டவணை போட்டேன். பேராசிரியர் அதைப் பார்த்து, "ஈரத்தைக் கழித்தாயா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். கழிக்கவில்லை. கழித்துப் பார்த்தால் என் பெரிய கண்டுபிடிப்பில் பாதி ஆவியாகிவிட்டது. அன்றிலிருந்து இலையை உலர்த்தி நிறுத்தபிறகுதான் வாய் திறக்கிறேன்.

அதே கணக்கை மறுபக்கமும் போடலாம். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் வறட்சி முடிந்து பருவமழை இறங்கியபோது தேயிலை மளமளவென்று வளர்ந்தது, சில கட்டக்கின்களின் செறிவு பாதிவரை இறங்கியது. மழைத் தேயிலைக்கு அங்குள்ள விவசாயிகள் குறைந்த விலை சொல்வதை ஆய்வுகூடமும் ஒப்புக்கொண்டது. இரவு ஷிப்ட் ஐயாவுக்கு இது புதிதல்ல.

இனத்துக்கு இனமும் மாறும். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டவற்றில் 2025 என்ற எண்ணுள்ள இனம் வறட்சியைத் தாங்கும், 2023 சீக்கிரம் துவளும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்றாலும் ஒரே வெயிலில் ஒன்று இன்னும் இடைப்பட்ட நாட்களில் இருக்கும், மற்றது பஞ்சத்தில் விழுந்திருக்கும். ஆகவே "வறட்சியில் பல்பீனோல் கூடும்" என்ற வாக்கியம் எந்த இனம், எத்தனை நாள், மண்ணில் எவ்வளவு ஈரம் என்று சொல்லாவிட்டால் வெறும் ஓசை.

இரவு ஷிப்ட் | சனி, இரவு 9.05

தம்பி சொன்னது சரி. எங்கள் கணக்கில் பச்சைக் கொழுந்து நாலரைக் கிலோவுக்குச் சற்று மேலே போனால் ஒரு கிலோ தூள். சீசனில் கொழுந்திலேயே தண்ணீர் குறைவாக இருப்பதால் அதைவிடக் குறைந்த கொழுந்திலும் ஒரு கிலோ விழும். துரைமார் அதை என் திறமை என்று நினைத்த வருடங்கள் உண்டு. நானும் திருத்தவில்லை.

விதைத் தேயிலை மலையை மறந்துவிடாதீர்கள். அதற்கு ஆணிவேர் உண்டு, ஆழத்தில் போய்க் குடிக்கும். வெட்டுத்தண்டில் வளர்த்த வீபீ தேயிலைக்கு அந்த ஆணிவேர் இல்லை. நம் பழைய மலைகள் ஓகஸ்டில் பச்சையாக நிற்க, புது மலைகள் முதலில் சிவப்பதற்கு இது ஒரு காரணம். சிவப்பது என்றதும் எல்லாம் வெயில் என்று நினைக்க வேண்டாம். இலையின் மேற்புறம் செம்பு நிறம் ஓடியிருந்தால் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பாருங்கள், செஞ்சிலந்திப் பேன் ஊரும். காய்ந்த காலம் அதற்குத் திருவிழா.

லயத்துக் கணக்கு | ஞாயிறு, காலை 7.20

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். கட்டக்கின், சலிசிலேட்டு, தேர்ப்பீன். முதல் பதிவில் அந்தப் பிள்ளை எழுதிய 9 கிலோவை ஒருவரும் தொடவில்லை.

வாசம் எங்கே போகிறது? ஏலத்துக்கு. வாசத்துக்காக வளராமல் நின்ற இலையின் எடை யாருடைய பெயரில் குறைகிறது? எடுத்தவரின் பெயரில். இலை சிறுத்து, கொழுந்து தூரத்துக்கு ஒன்றாக நிற்கும்போது 9 கிலோவுக்கு அம்மா நடந்த தூரம் 18 கிலோவுக்கு நடந்ததைவிடக் கூட. சேர் சொன்னாரே, வளர்ச்சிதான் முதலில் நிற்கும் என்று. அந்த ஒரு வரியில் எங்கள் சம்பளச் சீட்டு இருக்கிறது.

இரவு ஷிப்ட் | ஞாயிறு, காலை 8.00

அடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. நான் 31 வருடம் கொழுந்து லொறி வந்து நிற்கும் இடத்திலிருந்துதான் கதையைத் தொடங்கினேன். அதற்கு முன் நடந்ததை நான் கேட்டதில்லை. சீசனில் நிறையைக் குறைத்து வைத்த ஒரு துரையையும் பார்த்தேன், ஒரு கிலோவும் விடாத துரையையும் பார்த்தேன். இரண்டு பேரின் தேயிலையும் ஏலத்தில் ஒரே விலைக்குப் போனது.

உயிரியல் சேர் | ஞாயிறு, காலை 8.40

வெட்கமாக இருக்கிறது, உண்மை. 9 கிலோவை நான் "வளர்ச்சி" என்ற சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டேன்.

செய்யக்கூடியவை சில உண்டு. செய்ய வேண்டியது தோட்டம், கேட்க வேண்டியது நாம். வறட்சி வருமுன்பே நிரைகளுக்கு நடுவில் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வெட்டிப் போட்டு மூடாக்கு இட வேண்டும். நிழல் மரத்தை விறகுக்கு வெட்டிவிட்டு வெயிலைத் திட்டக் கூடாது. பொட்டாசியம் குறைந்த செடிக்கு இலைவாயை ஒழுங்காகத் திறந்து மூடத் தெரியாது, அந்தப் பசளையை மழை இருக்கும்போதே போட வேண்டும், காய்ந்தபிறகு போட்டால் வேர் எடுக்காது. கவ்வாத்து வெட்டிய மலையை வறட்சியின் வாயில் விடக் கூடாது.

வெள்ளரிக்கு, பிள்ளை, பாத்திரம் கழுவிய தண்ணீர் என்றாலும் நாள்தோறும் கொஞ்சம் ஊற்று. ஒரு வாரம் காயவிட்டு ஒரு நாள் குளிப்பாட்டாதே. கசந்த காயின் காம்புப் பக்கத்தில் இரண்டு அங்குலம் வெட்டித் தோலையும் சீவிப் பார், மிச்சமும் கசந்தால் எறிந்துவிடு.

வெலிமடை மண் | ஞாயிறு, மாலை 5.10

எங்கள் பக்கம் இடி முழங்குகிறது. சொல்லி வைக்கிறேன்.

லுணுகலைக்காரி | அடுத்த சனி, இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதம், காற்றில் கம்பி அறுந்து நான்கு நாள் மின்சாரம் இல்லை.

திங்கள் இரவு மழை வந்தது. கூரையில் கல் விழுவதுபோல் விழுந்தது. வியாழக்கிழமையும் பெய்தது. வெள்ளரியில் புதிதாக ஒரு பிஞ்சு, இன்னும் வெட்டிப் பார்க்கவில்லை. ஸ்டோர் வாசலில் அந்த வாசம் இல்லை, வெறும் புல் வாசம்தான்.

நேற்று அம்மா நனைந்த மலையில் எடுத்து 14 கிலோ கொண்டுவந்தார். கூடை நிறையத் தண்ணீர் சொட்டியது. தராசில் ஈரத்துக்கென்று 3 கிலோ கழித்து 11 என்று எழுதினார்கள்.

பேராதனைத் தம்பி எழுதிய அட்டவணைக் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஈரத்தைக் கழித்தாயா என்று பேராசிரியர் கேட்ட இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்டார்: "மழையில் ஈரத்தைக் கழிக்கிறார்கள், சரி. போன மாதம் இலையில் ஈரமே இல்லையே, அதற்கு எத்தனை கிலோ கூட்டினார்கள்?"

பேராதனைத் தம்பி | சனி, இரவு 9.25

அக்கா, உலர்நிறையில் கணக்குப் போட்டால் உண்மையில் வறட்சிக் கொழுந்துக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டித்தான் எழுத வேண்டும். அம்மாவின் கேள்வி விஞ்ஞான முறைப்படி மிகச் சரியானது.

லுணுகலைக்காரி | சனி, இரவு 9.40

சொன்னேன் தம்பி. "அந்தப் பிள்ளையைத் திங்கட்கிழமை இங்கே தராசுப் பக்கம் வந்து நிற்கச் சொல், சோறு கட்டித் தருகிறேன்" என்றார்.